வைக்கோல் எரிகிறது, அரிசி சாராயம் ஆகிறது!

ஐப்பசி பிறந்ததும் டில்லியில் புகை மூட்டம் கவிகிறது. பட்டப் பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு கார்கள் ஊர்கின்றன. புகை மிகுந்த நாட்களில் பள்ளிக்கூடங்களை மூடிவிடுகிறார்கள். குழந்தைகளும் முதியவர்களும் இருமிக்கொண்டே கிடக்கிறார்கள்.

இந்தப் புகைக்குப் பல காரணங்கள் உண்டு. கார்ப் புகை, ஆலைப் புகை, தெருப் புழுதி எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனால் அந்தச் சில வாரங்களில் அதை மேலும் கடுமையாக்குவது, பஞ்சாபிலும் அரியானாவிலும் எரியும் வைக்கோல்.

ஆம். நெல்லை அறுத்து எடுத்துக்கொண்டு வைக்கோலுக்குத் தீ வைக்கிறார்கள்!

தஞ்சாவூர் விவசாயி இதைக் கேட்டால் நம்பமாட்டார். வைக்கோல்போரின் உயரத்தைப் பார்த்தே வீட்டின் வசதியை மதிப்பிட்ட ஊர் அது. "மாட்டுத் தீனியை யாராவது கொளுத்துவார்களா?" என்றுதான் கேட்பார்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும்.

இப்பொழுது பெட்ரோலில் எரிசாராயம் கலந்து விற்கிறார்கள். "எத்தனால்" என்று சொல்கிறார்களே, அதுதான் இது. 2025-ம் ஆண்டில் நூறு லிட்டருக்கு 20 லிட்டர் கலப்பது என்ற அளவை இந்தியா எட்டிவிட்டது. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. அந்தச் செலவைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான். அதில் குறை சொல்வதற்கு இல்லை.

ஆனால் இந்தச் சாராயம் எதில் இருந்து வருகிறது?

கரும்பில் இருந்து வருகிறது. மக்காச்சோளத்தில் இருந்து வருகிறது. அரிசியில் இருந்தும் வருகிறது! இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் இருந்த அரிசியில் 50 லட்சம் டன்னுக்கு மேல், 2025-ம் ஆண்டில் சாராய ஆலைகளுக்கு என்று மத்திய சர்க்கார் ஒதுக்கியது. மக்காச்சோளத்தின் கதையை நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களிடம் கேட்கலாம். கோழித் தீனிக்கும் சாராயத்துக்கும் ஒரே சோளம் என்றால் விலை ஏறாமல் என்ன செய்யும்? தீனி விலை ஏறினால் முட்டை விலையும் ஏறும்.

சோறாக வேண்டிய அரிசி காருக்குப் போகிறது. காருக்குப் போகக்கூடிய வைக்கோல் புகையாகப் போகிறது. இது தலைகீழான காரியம்.

வைக்கோலில் இருந்து எரிசாராயம் எடுக்க முடியுமா? முடியும். விஞ்ஞானிகள் அந்த வித்தையைக் கற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. அதற்கென்று கிருமிகளையே திருத்தி வளர்த்திருக்கிறார்கள். கிருமிகளும் சொன்ன வேலையைச் செய்கின்றன. பிறகு எங்கே தடை? மனிதன் செய்யவேண்டிய வேலையில்தான்!

மாட்டு வயிற்று ரகசியம்

சோறும் வைக்கோலும் உடன்பிறப்புகள் என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் அது உண்மை.

அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அது குளுக்கோஸ் என்ற சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை. வைக்கோலில் இருப்பது செல்லுலோஸ். அதுவும் அதே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைதான்! மணி ஒன்று, முடிச்சு மட்டும் வேறு.

ஒரு வாய் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் இனிக்கும். எச்சிலில் உள்ள ஒரு சரக்கு, மாவுச்சத்தின் முடிச்சை அவிழ்த்துச் சர்க்கரை ஆக்கிவிடுகிறது. இப்படிப்பட்ட சரக்குக்கு "என்சைம்" என்று பெயர். வைக்கோலை எவ்வளவு நேரம் மென்றாலும் இனிக்காது. அந்த முடிச்சை அவிழ்க்கும் என்சைம் மனிதனிடம் இல்லை.

மாட்டிடமும் இல்லை! மாடு வைக்கோலைத் தின்று கொழுக்கிறதே, எப்படி? மாட்டின் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வைக்கோலை உண்மையில் தின்பவை அவைதான். அவை தின்று மிச்சம் வைப்பதில் மாடு பிழைக்கிறது. மரத்தைத் தின்னும் கரையானின் கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

செல்லுலோஸை 1838-ம் ஆண்டில் பிரித்து எடுத்தவர் பிரான்சு நாட்டு ரசாயன நிபுணர் அன்செல்ம் பாயன். அதற்கு முன்னாலேயே, 1819-ல், அதே நாட்டைச் சேர்ந்த பிராகொனோ என்பவர் கந்தக அமிலத்தைக் கொண்டு மரத்தூளையும் துணியையும் சர்க்கரை ஆக்கிக் காட்டினார். முதல் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் மரத்தூளில் இருந்து சாராயம் எடுக்கும் ஆலைகளே இருந்தன. அமிலம் எல்லாவற்றையும் அரித்தது; செலவு கட்டவில்லை. யுத்தம் முடிந்ததும் ஆலைகளை மூடிவிட்டார்கள்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சணம்

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளம் தென் பசிபிக் தீவுகளில் ஜப்பானோடு சண்டையிட்டது. அங்கே இன்னொரு எதிரியும் இருந்தது. கூடாரத் துணி, சிப்பாய்களின் உடுப்பு, பருத்தி வார் எல்லாம் மழையிலும் புழுக்கத்திலும் மளமளவென்று இற்றுப்போயின.

பட்டாளத்தின் தளவாட இலாகா இதற்குக் காரணம் தேடியது. இற்றுப்போன துணிகளில் இருந்து ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சேகரித்தார்கள். சாலமன் தீவுகளில் இருந்து வந்த ஒரு துணித் துண்டில் ஒரு பச்சைப் பூஞ்சணம் இருந்தது. பருத்தியைக் கரைப்பதில் அது மகா சூரன்!

மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் நேட்டிக் என்ற ஊரில் பட்டாளத்தின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே எல்வின் ரீஸ் என்பவரும் மேரி மாண்டெல்ஸ் என்ற அம்மையாரும் இந்தப் பூஞ்சணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ரீஸின் பெயரையே பின்னால் அதற்குச் சூட்டினார்கள். "டிரைக்கோடெர்மா ரீஸி" என்பது அதன் பெயர். நம் ஊர் வேளாண்மை டிப்போவில் விதை நேர்த்திக்கு "டிரைக்கோடெர்மா விரிடி" வாங்குகிறார்களே, அது இதற்குப் பங்காளி முறை.

அந்தப் பூஞ்சணம் வேலை செய்யும் விதம் நேர்த்தியானது. அது ஒரே என்சைமைக் கக்குவதில்லை. கூட்டமாகக் கக்குகிறது. ஒன்று மாலையை நடுவில் வெட்டுகிறது. இன்னொன்று அறுந்த முனையைப் பிடித்து இரண்டு இரண்டு மணியாக உருவுகிறது. மூன்றாவது, அந்த இரண்டையும் பிரித்துத் தனித்தனி ஆக்குகிறது. முடிந்தது! துணி சர்க்கரை ஆகிவிடும். சர்க்கரையைப் பூஞ்சணம் சாப்பிட்டுவிடும்.

துணியைக் காப்பாற்றத் தொடங்கிய ஆராய்ச்சி இது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது உலகம் திகைத்தது. பெட்ரோல் விலை தாவியது. அப்பொழுது ஆராய்ச்சி தலைகீழாகத் திரும்பியது. "பூஞ்சணத்தைத் தடுப்பது எப்படி?" என்று கேட்டவர்கள், "அதை வேலைக்கு வைத்துக்கொள்வது எப்படி?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கதிர்களைப் பாய்ச்சியும் மருந்து போட்டும் அதிகமாகக் கக்கும் வகைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பிறகு கம்பெனிகள் இறங்கின. டென்மார்க் நாட்டு நோவோசைம்ஸ் கம்பெனி இதில் பெரிய கையாக இருந்தது. என்சைம் விலை பல மடங்கு குறைந்தது.

குடல் கிருமிக்குப் புது வேலை

சர்க்கரை கிடைத்துவிட்டால் சாராயம் ஆக்குவது சுலபம் என்று தோன்றும். ரொட்டிக் கிடங்கில் போடும் ஈஸ்ட் போதுமே!

அங்கேதான் ஒரு சிக்கல். வைக்கோலில் செல்லுலோஸ் மட்டும் இல்லை. ஏறக்குறைய கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறு சத்து இருக்கிறது. அதை உடைத்தால் பெரும்பாலும் சைலோஸ் என்ற சர்க்கரை வரும். சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வாங்கிய வைக்கோலில் இவ்வளவு பெரிய பங்கு வீண் என்றால் எந்த முதலாளி ஆலை வைப்பான்?

புளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்க்ராம் என்ற பேராசிரியர் ஒரு வழி கண்டார். மனிதன் குடலில் "ஈ. கோலை" என்ற பாக்டீரியா இருக்கிறது. அது எந்தச் சர்க்கரையையும் தின்னும். வயிறு வேற்றுமை பார்க்காது. ஆனால் சாராயம் ஆக்குவதில் சோம்பேறி. சாராயம் ஆக்குவதில் கெட்டிக்காரப் பாக்டீரியா வேறு ஒன்று உண்டு. "சைமோமோனாஸ்" என்பது அதன் பெயர். மெக்சிகோவில் கற்றாழைக் கள்ளிலும், வெப்ப நாடுகளில் பனை வகைக் கள்ளிலும் அது வாழ்கிறது.

கள்ளில் வாழும் பாக்டீரியாவில் இருந்து இரண்டு மரபணுக்களை எடுத்தார் இங்க்ராம். குடல் பாக்டீரியாவுக்குள் வைத்தார். தின்பது ஒன்றின் குணம். காய்ச்சுவது மற்றொன்றின் குணம். இரண்டும் ஒரே உடம்பில்! 1991 மார்ச் 19-ம் தேதி அமெரிக்க சர்க்கார் இதற்குக் காப்புரிமை கொடுத்தது. அந்தக் காப்புரிமையின் எண் என்ன தெரியுமா? சரியாக 50,00,000. அமெரிக்காவின் ஐம்பது லட்சமாவது காப்புரிமை இந்தக் கிருமிக்கே கிடைத்தது.

பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ என்ற அம்மையார் ஈஸ்டையே திருத்தினார். 1990-களில் அவருடைய ஈஸ்ட், குளுக்கோஸையும் சைலோஸையும் ஒன்றாகவே தின்று சாராயம் ஆக்கியது.

திருத்திய கிருமி வெளியே தப்பினால் ஆபத்து இல்லையா என்று தாய்மார்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆலையில் இவை மூடிய தொட்டிகளில் வளர்கின்றன. வேலை முடிந்ததும் சாராயத்தைக் காய்ச்சி வடிக்கும் சூட்டில் செத்துப்போகின்றன. எடுத்துக்கொண்ட ஈ. கோலையும் நோய் தரும் வகை அல்ல. ஆய்வுக்கூடத்தில் பழகிய சாது வகை. தொட்டிச் சர்க்கரையில் சுகமாக வளர்ந்த கிருமி, வெளி மண்ணில் மற்ற கிருமிகளோடு மல்லுக்கு நின்று பிழைப்பது கடினம். கவனம் வேண்டும், நடுக்கம் வேண்டாம்.

ராஜா வந்து திறந்த ஆலை

இனி மனிதன் கதைக்கு வரலாம்.

2006-ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி புஷ், புல்லில் இருந்தும் மரச் சிராயில் இருந்தும் எடுக்கும் எரிசாராயத்தை ஆறே ஆண்டுகளில் விலைக்குக் கட்டுப்படியாக்குவோம் என்று பேசினார். மறு ஆண்டில் சட்டமே போட்டார்கள். 2022-ம் ஆண்டில் இந்த வகை எரிபொருள் மட்டும் 1,600 கோடி கேலன் வந்தாகவேண்டும் என்பது சட்டம்.

சட்டம் போட்டால் வைக்கோல் வந்துவிடுமா?

2012-ம் ஆண்டுக்கு 50 கோடி கேலன் என்று எழுதியிருந்தார்கள். ஆலை எதுவும் தயாராக இல்லை. அதனால் அதை 86½ லட்சம் கேலனாகக் குறைத்தார்கள். அதுவும் கடையில் கிடைக்கவில்லை! ஆனாலும் எண்ணெய்க் கம்பெனிகள் அதைப் பெட்ரோலில் கலந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்டவேண்டும் என்றார்கள். இல்லாத சரக்கை வாங்காததற்குத் தண்டம். இப்படி ஒரு வேடிக்கை உலகத்தில் எங்காவது உண்டா? கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2013 ஜனவரியில் கோர்ட்டு, சர்க்காரின் கணக்கு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

பிறகு ஆலைகள் வந்தன. 2014 செப்டம்பரில் அயோவா மாகாணத்தில் எம்மெட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஓர் ஆலை திறந்தார்கள். மக்காச்சோளக் கதிரை ஒடித்தபின் வயலில் கிடக்கும் தட்டைதான் அதற்குச் சரக்கு. திறப்பு விழாவுக்கு ஹாலந்து நாட்டு ராஜா வில்லெம் அலெக்சாண்டரே வந்திருந்தார். அடுத்த மாதம் கான்சாஸ் மாகாணத்தில் ஸ்பெயின் நாட்டு அபெங்கோவா கம்பெனி ஓர் ஆலை திறந்தது. 2015 அக்டோபரில் அயோவாவிலேயே டூபான்ட் கம்பெனியும் திறந்தது. அதற்கு ஆன செலவு 20 கோடி டாலருக்கு மேல்.

என்ன ஆயிற்று?

அபெங்கோவா ஆலை 2015 டிசம்பரில் நின்றது. கம்பெனியே கடனில் மூழ்கியது. டூபான்ட் ஆலை 2017 நவம்பரில் நின்றது. எம்மெட்ஸ்பர்க் ஆலையும் சாராயம் எடுப்பதை நிறுத்தப்போவதாக 2019 கடைசியில் அறிவித்தது. 1,600 கோடி கேலன் என்று கனவு கண்ட 2022-ம் ஆண்டு வந்தபோது, இந்த வகைச் சாராயம் அதில் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை.

காலமும் கெட்டுப்போயிருந்தது. 2014 நடுவில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்றது. முதல் இரண்டு ஆலைகள் திறந்த சில மாதங்களுக்குள், 2015 ஜனவரியில், 50 டாலருக்குக் கீழே போய்விட்டது. ஆனால் விலை வீழ்ச்சி மட்டும் இவற்றைக் கவிழ்க்கவில்லை.

கல்லும் மண்ணும்

ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி எடுத்துக்கொண்ட தட்டை கழுவியது, காயவைத்தது, ஒரே அளவாக அரைத்தது. ஆலை வாசலுக்கு வந்த தட்டையோ வயலில் இருந்து வாரியது. அதில் மண் இருந்தது. கல் இருந்தது. கட்டின கயிறு இருந்தது. ஒரு கட்டு காய்ந்து வந்தது; மறு கட்டு நனைந்து வந்தது.

இந்தச் சரக்கை முதலில் நறுக்கி, அமிலத்தோடு அழுத்தமான நீராவியில் வேகவைக்கவேண்டும். அப்பொழுதுதான் லிக்னின் என்ற மரப்பிசினின் பிடி விட்டு, செல்லுலோஸ் வெளியே வரும். பிறகுதான் என்சைமுக்கு வேலை. ஆனால் நறுக்கும் கத்தி கல் பட்டு மழுங்கியது. மண் உள்ளே போய்க் குழாயைத் தேய்த்தது. ஈரத் தட்டை களிபோல் திரண்டு வாயை அடைத்தது. ஆலையை நிறுத்திச் சுரண்டி எடுத்தார்கள். மறுபடி ஓட்டினார்கள். மறுபடி அடைத்தது. அடுக்கி வைத்த கட்டுகள் வெளியே தீப்பிடித்து எரிந்ததும் உண்டு.

மரபணுவை வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள் மண்ணை உதறத் தெரியாமல் திணறினார்கள்! களத்துமேட்டில் நெல் தூற்றும் கிழவி ஒருத்தியை முதல் நாளே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பிரேசில் நாட்டைப் பாருங்கள். அங்கே ரெய்சன் என்ற கம்பெனி கரும்புச் சக்கையில் இருந்து இதே முறையில் சாராயம் எடுத்தது. 2015-ல் ஓர் ஆலையைத் திறந்தது. 2024-ல் குவாரிபா என்ற ஊரில் அதைவிடப் பெரிய ஆலையைத் திறந்தது. அந்தக் கம்பெனிக்கும் கடன் தொல்லை உண்டு. ஆனால் அமெரிக்காவில் இல்லாத ஒரு வசதி அங்கே இருந்தது. சக்கையைத் தேடி யாரும் வயலுக்குப் போகவேண்டியது இல்லை. கரும்பு பிழிந்த இடத்திலேயே சக்கை மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஒரே முதலாளி, ஒரே மதில் சுவர். வண்டிக் கூலி இல்லை, மண்ணும் குறைவு. கிருமியைவிட இந்த மதில் சுவர்தான் பெரிய விஷயம்.

நாலாவது பானிபட்

பானிபட் என்றால் சரித்திரப் புத்தகம் படித்த பிள்ளைகளுக்கு மூன்று யுத்தங்கள் நினைவுக்கு வரும். 1526, 1556, 1761. இப்பொழுது அங்கே நடப்பதை நாலாவது யுத்தம் என்று சொல்லலாம். இது வைக்கோல் யுத்தம்.

2022 ஆகஸ்டு 10-ம் தேதி பிரதமர் மோடி அங்கே இந்தியன் ஆயில் கம்பெனியின் வைக்கோல் சாராய ஆலையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு ரூ.900 கோடிக்கு மேல். பூனாவில் உள்ள பிராஜ் கம்பெனியின் முறை அது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைத் தின்று 3 கோடி லிட்டர் எரிசாராயம் கொடுக்கவேண்டும் என்பது திட்டம்.

2 லட்சம் டன் என்றால் என்ன? ஒரு நாளைக்குச் சுமார் 550 டன். ஒரு நாள்கூட லீவு இல்லாமல் ஆண்டு முழுவதும்!

ஆனால் வைக்கோல் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. நெல் அறுத்து மூன்று, நாலு வாரத்துக்குள் கோதுமை விதைத்தாகவேண்டும். நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009-ல் பஞ்சாப் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. குறித்த தேதிக்கு முன்னால் நெல் நாற்று நடக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போகிறது. விதைப்பைத் தள்ளிப்போட முடியாது. இடையில் மாட்டிக்கொண்டவர் விவசாயி.

அறுவடை இயந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு அடித்தாளை நிற்கவைத்துவிட்டுப் போகிறது. மேல் தாளை வயல் முழுவதும் இறைத்துவிட்டும் போகிறது. அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல் தாராளமாக இருக்கிறது. நெல் வைக்கோலில் மணல் சத்து அதிகம் என்று அதை ஒதுக்குகிறார்கள். வாரிக் கட்டினால் கூலி. வண்டியில் ஏற்றினால் வாடகை. தீப்பெட்டியோ இரண்டு ரூபாய். அவர் எதை எடுப்பார்?

தீ வைத்தால் அபராதம் போடுகிறார்கள். 5 ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கு ரூ.30,000 என்று 2024 நவம்பரில் இரட்டிப்பு ஆக்கினார்கள். அபராதத்தால் புகையைக் கொஞ்சம் குறைக்கலாம். வைக்கோலை வயலில் இருந்து நகர்த்த அபராதத்தால் முடியாது. அதை நகர்த்துவது கட்டும் இயந்திரமும் லாரியும் காசும்தான்.

கணக்கை மறைக்கவும் கூடாது. ஒரு டன் வைக்கோலில் பானிபட் திட்டப்படி 150 லிட்டர் கிடைக்கும். ஒரு டன் அரிசியில் சுமார் 450 லிட்டர் கிடைக்கும். ஆலைக்காரர் அரிசியின் பக்கம் சாய்வதில் ஆச்சரியம் இல்லை. 50 லட்சம் டன் அரிசியை மீட்கவேண்டும் என்றால் ஒன்றரைக் கோடி டன் வைக்கோல் வேண்டும். பானிபட் ஆலையைப் போல 75 ஆலைகள் வேண்டும்! பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் விளைகிறது. ஆகவே சரக்குக்குப் பஞ்சம் இல்லை. பணத்துக்கும் பொறுமைக்கும்தான் பஞ்சம்.

எல்லா வைக்கோலையும் வாரிவிடவும் கூடாது. மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. எம்மெட்ஸ்பர்க்கில் ஏக்கருக்குச் சுமார் ஒரு டன் தட்டையை, அதாவது கால் பங்கு அளவுதான், எடுத்தார்கள். மற்றதை நிலத்துக்கே விட்டார்கள். வைக்கோலை அப்புறப்படுத்தாமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்கள் பஞ்சாபில் வந்துவிட்டன. 2018 முதல் சர்க்கார் அவற்றுக்கு மானியம் கொடுக்கிறது. அந்த வழியில் போக விரும்புகிறவர் போகட்டும். ஆலையும் அதுவும் ஒன்றுக்கு ஒன்று பகை அல்ல. இரண்டுக்கும் பகை தீ ஒன்றுதான்.

செய்யவேண்டியது என்ன? இத்தனை ஆண்டில் இத்தனை கோடி லிட்டர் என்று தேதி குறித்து முழங்குவதை முதலில் நிறுத்தலாம். அமெரிக்காவின் 1,600 கோடி கேலன் அந்த முழக்கத்துக்குக் கிடைத்த பதில். ஆலைக்கு மானியம் கொடுப்பதற்கு முன்னால், கிராமத்தில் கட்டும் இயந்திரத்துக்கும் மேடான கிடங்குக்கும் கொடுக்கலாம். நெல்லுக்கு ஆதார விலை இருப்பதைப்போல, மண் உதறிக் காயவைத்த வைக்கோலுக்கும் டன்னுக்கு இன்ன விலை என்று நடவுக்கு முன்னாலேயே அறிவிக்கலாம். அறிவித்த விலை அறுப்பு முடிந்த வாரத்திலேயே கையில் கிடைக்கவேண்டும். சுத்தமான கட்டுக்கு ஒரு விலை, கல்லும் மண்ணுமாக வரும் கட்டுக்கு ஒரு விலை என்று வைத்தால், ஆலையின் கத்தியைக் காப்பாற்றும் வேலையை விவசாயியே பார்த்துக்கொள்வார். பஞ்சு மார்க்கெட்டில் நடப்பதுதானே இது?

கிடங்கு அரிசியைச் சாராயத்துக்குக் கொடுப்பதையும் இத்தோடு பிணைக்கவேண்டும். உளுத்துப் போனது, சாப்பிட உதவாதது என்றால் போகட்டும். நல்ல அரிசியைச் சலுகை விலையில் கொடுத்துக்கொண்டே இருந்தால், கல்லும் மண்ணும் கலந்த வைக்கோலோடு மல்லுக்கட்ட எந்த ஆலை முன்வரும்? ஆண்டுக்கு ஆண்டு அரிசியின் அளவைக் குறைத்து, அந்தச் சலுகைப் பணத்தை வைக்கோல் பக்கம் திருப்பலாம். பணம் புதிதாகத் தேடவேண்டியது இல்லை.

அசாம் மாகாணத்தில் நுமாலிகர் என்ற இடத்தில் மூங்கிலில் இருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலையை 2025 செப்டம்பரில் திறந்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் டன் பச்சை மூங்கில் அதற்கு வேண்டும். மூங்கிலுக்கு மூன்று வார அவசரம் கிடையாது. வெட்டும் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். வேரோடு வாருவதில்லை, மண்ணும் குறைவாக வரும். மூங்கில் வளர்க்கும் குடும்பங்களுக்கு டன்னுக்கு எவ்வளவு கிடைக்கிறது, எத்தனை நாளில் கிடைக்கிறது என்று பானிபட்காரர்கள் இப்பொழுதே கவனித்து வருவது நல்லது.